தீத்தொண்டு வாரத்துக் குடிசை

குடிசை வாசலில் கோலம் போட்டிருந்தது.

அசரியா சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டான். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று முதலில் தோன்றியது. மாறி வருவதற்கு அங்கே வேறு குடிசை கிடையாது. ஏரிக்கரைக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நடுவே கிடந்த புறம்போக்கில் ஒரே ஒரு குடிசைதான் புதுக் கீற்று வாசனையோடு நின்றது. வருஷா வருஷம் வரும் தீத்தொண்டு வாரத்துக்காக அதைக் கட்டியது தீயணைப்பு நிலையத்தார். அன்று சாயங்காலம் ஊர் கூடிப் பார்க்க அதைக் கொளுத்தப் போகிறவர்களும் அவர்களே. கொளுத்தப் போகிற குடிசைக்கு யார் வந்து சிக்குக் கோலம் போடுவார்கள்?

கோலம் மட்டுமா? வாசல் மூங்கிலுக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டியிருந்தது. தரை சாணி போட்டு மெழுகியிருந்தது. போதாக்குறைக்கு உள்ளேயிருந்து புகை வேறு வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில், எரியக் கூடாத குடிசைகள் எரிவதைப் பார்த்துத்தான் பதறியிருக்கிறான். எரிய வேண்டிய குடிசை நேரத்துக்கு முன்னால் எரிந்துவிடுமோ என்று பதறியது அன்றைக்குத்தான்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். உள்ளேயிருந்து ஒரு பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வா சார். இன்னாடா இந்த சாரை இன்னும் காணமேன்னு இப்பதான் பேசிக்கினு இருந்தோம். பால் காச்சறேன். ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போ."

முனியம்மா. கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். அவளுக்குப் பின்னால், மூங்கிலில் கட்டிய சேலைத் தூளியை ஆட்டியபடி அவள் மகள் கனகவல்லி உட்கார்ந்திருந்தாள். தூளிக்குள் பச்சைக் குழந்தை. மூன்று கல் அடுப்பின் மேல் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அசரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் லீடிங் ஃபயர்மேன். நெருப்பு என்றால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இதற்கு எதை முதலில் செய்வது?

ஓடைப்பாக்கம் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்தக் கூத்து விளங்காது. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று பயந்து, ஒரு தகரக் கொட்டகையும் ஒரு வண்டியுமாக ஆரம்பித்த நிலையம் அது. குண்டு விழவில்லை, வண்டி மட்டும் தங்கிவிட்டது. அப்போது சுற்றிலும் வயலும் ஏரியும்தான். பிறகு தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியவர்களெல்லாம் மனை வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் ஏரிக்கரையில் குடிசை போட்டார்கள். மலையடிக் குவாரியிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு வரைக்கும் எங்கே நெருப்புப் பிடித்தாலும் அதே ஒற்றை வண்டிதான் ஓட வேண்டும். அறுபத்தொன்பதில் போர்டில் இருந்த 'மெட்ராஸ்' என்பதை அழித்துவிட்டுத் 'தமிழ்நாடு' என்று எழுதினார்கள். பெயின்ட் புதிது, மற்றதெல்லாம் பழையது. இன்னொரு வண்டி கேட்டால், பட்டணத்துப் பக்கம் "நீங்க ஜில்லா ஆச்சே" என்றார்கள். ஜில்லாப் பக்கம் "உங்களுக்குத்தான் பட்டணம் கூப்பிடு தூரத்துல இருக்கே" என்றார்கள். இரண்டு பேருக்கும் சொந்தம், இரண்டு பேரும் சோறு போடுவதில்லை.

போன மாசம், பங்குனியில், பள்ளிக்கரணையில் கோரை பற்றிக்கொண்டு வண்டி அங்கே போயிருந்த சமயம், இங்கே ஏரிக்கரைக் குடிசை வரிசை பிடித்துக்கொண்டது. அவர்கள் திரும்பி வந்தபோது சாம்பலுக்குத்தான் தண்ணீர் அடிக்க முடிந்தது. ஆளுக்கு ஆள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். முனியம்மா ஒருத்தி மட்டும் அழாமல் ஒரு குச்சியை வைத்துச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்லலாம். அழாதவளுக்கு என்ன சொல்வது? அசரியா அவளிடம் போய், "கவலப்படாதம்மா, எங்க ஆபீஸ்ல பேசி ஏதாவது பண்றோம்" என்றான். நாமெல்லாரும் சொல்வதுதான். குழாயைச் சுருட்டி வண்டியில் வைப்பதற்குள் அவன் அதை மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

வரிசையில் இருந்த மற்றவர்கள் சொந்தக்காரர் வீடு, குவாரிக் கொட்டகை என்று போய் ஒண்டிக்கொண்டார்கள். முனியம்மாவுக்குப் போக இடமில்லை. நிறைமாதமாக வந்திருந்த மகளோடு பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினாள். பிள்ளையும் அங்கேதான் பிறந்தது. அந்தச் சமயத்தில்தான் தீயணைப்பு நிலையத்துச் சிவப்பு வண்டி ஏரிக்கரைக்கு வந்து மூங்கிலும் கீற்றும் இறக்கியது. காக்கிச் சட்டைக்காரர்களே நின்று குடிசை கட்டினார்கள். நீங்களும் நானும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நினைத்திருப்போம்?

அவள் கேட்கக்கூடச் செய்தாள். "சார், வாசலக் கெழக்கால வெச்சிக் குடுக்கறியா?" என்றாள். ஜனங்களுக்குச் செய்து காட்டும்போது, கடல் காற்று வரும் பக்கமாக வாசல் இருந்தால் நெருப்பு நன்றாக இழுக்கும் என்று அசரியாவும் அதையே யோசித்துக்கொண்டிருந்தான். "வெச்சிட்டாப் போச்சு" என்றான். அவள் ஒரு சட்டி நிறையக் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள். வெயிலில் வேலை செய்தவர்கள், நல்ல மனுஷி என்று மெச்சிக்கொண்டு வாங்கிக் குடித்தார்கள். எதற்காக ஊற்றுகிறாள் என்று ஒருவனாவது கேட்டானா? கேட்கவில்லை.

"ஏம்மா, யாரு உன்ன இங்க வரச் சொன்னது?" என்றான் அசரியா, கோலத்தை மிதிக்காமல் வாசலில் நின்றபடி.

"இன்னா சார் இப்படிக் கேக்கற? நீதான சொன்ன, ஆபீஸ்ல பேசி ஏதாச்சும் பண்றேன்னு. சொன்ன மாரியே பண்ணிட்ட. நல்ல நாளு பாத்துக் குடி வந்துட்டோம்."

அசரியா அடுப்பையும் தூளியையும் மாறிமாறிப் பார்த்தான். "இது குடியிருக்கிறதுக்குக் கட்டினது இல்லம்மா" என்றான். "இன்னிக்கு சாயங்காலம் இத எரிக்கப் போறோம்."

முனியம்மா சிரித்தாள். "போ சார். எரிக்கிறதுக்கு ஒருத்தன் வூடு கட்டுவானா?"

"நெருப்ப எப்படி அணைக்கிறதுன்னு ஜனங்களுக்குக் காட்டணும். அதுக்காக."

"அணைக்கிறத காட்டறதுக்கு எதுக்கு சார் எரிக்கணும்?"

வருஷா வருஷம் குடிசை கட்டிக் கொளுத்துகிறார்கள். அவனே எத்தனையோ தடவை பந்தம் பிடித்திருக்கிறான். இந்தக் கேள்வி அவனுக்கும் தோன்றியதில்லை, வேறு யாருக்கும் தோன்றியதில்லை. கனகவல்லி அதற்குள் ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. குடித்தான், நாக்கு சுட்டது.

ஸ்டேஷன் ஆபீசர் தேவானந்தம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அசரியா சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"என்னய்யா இது கூத்து. டிவிஷனல் ஆபீசர் வரார். தாசில்தார் வரார். நாலு பள்ளிக்கூடத்துப் பசங்க வராங்க. அந்தம்மாவ எழுப்பி அனுப்பு."

"எங்க சார் அனுப்பறது? குழந்த பொறந்து இன்னும் பேர்கூட வெக்கல."

"அதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்? உனக்கே தெரியும், டிவிஷனல் இன்னிக்கு எதுக்கு வரார்னு. ஒரு வண்டிய மூணு ஸ்டேஷன் கேட்டிருக்கு. யாருக்குக் குடுக்கலாம்னு அவர்தான் எழுதணும். நாம நல்லாப் பண்ணிக் காட்டினா நமக்குக் கெடைக்கும். ரெண்டாவது வண்டி இருந்திருந்தா அந்தம்மா குடிச போன மாசம் எரிஞ்சிருக்குமா? நீயே சொல்லு."

எரிந்திருக்காது. அதுதான் அசரியாவைக் குழப்பியது. அவள் குடிசையை எரித்தால் அவள் மாதிரி நூறு பேர் குடிசை பிழைக்கும் என்கிறார் இவர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பால் சுட்ட நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். "சார், கூரைய முன்னாடியே நல்லா நனைச்சிடறேன். மேக்கு ஓரமா வைக்கோல் போட்டு அத மட்டும் கொளுத்தலாம். புகை நிறைய வரும். நீங்க சீக்கிரமா விசில் குடுத்தீங்கன்னா நாங்க உடனே அணைச்சிடறோம். குடிசைக்கு ஒண்ணும் ஆகாது."

தேவானந்தம் பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தார். அவரும் கெட்டவர் இல்லை. "சரி, பண்ணித் தொலை" என்றார்.

அசரியா திரும்பப் போய் முனியம்மாவிடம் சொன்னான். சாமான்களை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புங்க மரத்தடியில் இருக்க வேண்டும், நெருப்பு வரும், பயப்படக் கூடாது, உடனே அணைத்துவிடுவார்கள், அப்புறம் குடிசை அவளுக்குத்தான்.

"நெசமா அணைச்சிடுவியா?"

"ஆண்டவர் மேல ஆணையா அணைச்சிடுவேன்."

சத்தியத்தைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. அவனுக்குத்தான் தெளியவில்லை. ஆணையிடக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஏரித் தண்ணீரை எடுத்துக் கூரையில் அடித்தான்.

வெயில் தணிந்ததும் கூட்டம் சேர ஆரம்பித்தது. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிவிஷனல் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார், மாலை போட்டுக்கொண்டார். அவரே மைக்கைப் பிடித்து, அடுப்பை அணைக்காமல் வெளியே போகக் கூடாது, கிருஷ்ணாயில் ஸ்டவ்வைக் குழந்தைகள் தொடக் கூடாது என்றெல்லாம் பேசினார். நன்றாகவே பேசினார்.

ஃபயர்மேன் நசீருதீன் சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். குடிசைக்குள் மாட்டிக்கொண்டு அலறும் பெண் வேஷம் வருஷா வருஷம் அவனுக்குத்தான். மீசையை முந்தானையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அசரியா வைக்கோலில் பந்தத்தை வைத்தான். வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது. நசீருதீன் அலறினான். வைக்கோல் அப்போதுதான் ஜுவாலை பிடித்தது, உடனே தேவானந்தம் விசில் ஊதிவிட்டார். தண்ணீர் சீறியது. நசீருதீன் வெளியே ஓடி வந்தான். அவனைத் தோளில் தூக்கவேண்டியவன் இன்னும் ஏணியைக்கூடத் தொடவில்லை. அதற்குள் நெருப்பு போயே போய்விட்டது. ஒரு கீற்று கருகவில்லை.

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. "அவ்வளவுதானா?" என்று ஒரு பையன் உரக்கக் கேட்டான். யாரோ விசில் அடித்தார்கள். பின்வரிசை சிரிக்க ஆரம்பித்தது. நெருப்பு பார்க்க வந்தவர்களுக்கு நெருப்பைக் காட்டவில்லை என்றால் கோபம் வராதா? தாசில்தார் டிவிஷனலின் காதில் ஏதோ சொன்னார். டிவிஷனலின் முகம் கடுத்தது.

அந்த மைதானத்திலேயே சந்தோஷப்பட்டது ஒரே ஒருத்திதான். முனியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு புங்க மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். சட்டி பானையைக் குடிசைக்குள் வைத்தாள், தூளியைப் பழையபடி மூங்கிலில் கட்டினாள். பிறகு, குழந்தையோடு மகளை வெளியே நிறுத்திவிட்டு, நேரே மைக் முன்னால் போய் நின்று கும்பிட்டாள்.

"போன மாசம் எங்க வரிசை முச்சூடும் பூட்ச்சு சாமி. ஒரு கந்த மிச்சமில்ல. இன்னிக்கு இந்தப் புள்ளைங்க ஒரு கீத்துகூடப் போவாம அணைச்சிட்டாங்கோ. இவுங்க நல்லா இருக்கணும். இவுங்க புள்ள குட்டி நல்லா இருக்கணும்."

மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. மைக் முன்னால் வந்து பேசுகிறவள், அதுவும் இவ்வளவு உருக்கமாகப் பேசுகிறவள், நிகழ்ச்சியில் ஒரு வேஷமாகத்தானே இருக்க வேண்டும்? டிவிஷனலின் முகத்தில்கூட வெளிச்சம் வந்தது.

"பலே. யாருய்யா இந்தம்மா? ரொம்ப இயல்பா நடிக்கிறாங்க" என்றார்.

அசரியா முன்னால் போய் சல்யூட் அடித்தான். "சார், இது நடிப்பு இல்ல. இது இந்தம்மா குடியிருக்கிற வீடு."

"ஆமாய்யா, அதத்தான் சொல்லணும். மைக்ல சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்று மைக்கை அவன் பக்கம் திருப்பினார் டிவிஷனல்.

"இது இந்தம்மா வீடு" என்றான் அசரியா மைக்கில். மறுபடி கைதட்டல். "நெஜமாவே இவங்க வீடு." இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்கிறவன் வேறு எப்படித்தான் சொல்வது? சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். அதைத்தான் நடிகனும் செய்கிறான்.

டிவிஷனல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தேவானந்தத்தைக் கூப்பிட்டார். "அந்தம்மா நல்லாப் பண்ணிட்டா. உங்க ஆளுங்க பண்ணினதுதான் சரியில்ல. ஏணி இல்ல, ரெஸ்க்யூ இல்ல, ஒண்ணுமே பாக்கல நான். இதப் பாத்துட்டு நான் என்னன்னு எழுதறது? மறுபடியும் பண்ணுங்க. கிருஷ்ணாயில் ஊத்திக் கொளுத்துங்க. கூரை நல்லாப் பிடிக்கட்டும். விசில் நான் குடுக்கறேன்."

தேவானந்தம் தன் விசிலைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு அசரியாவைப் பார்க்கவில்லை. மைதான ஓரத்தில் நின்ற அந்தக் கிழட்டு வண்டியைப் பார்த்தார்.

"கொளுத்து, கொளுத்து" என்று பிள்ளைகள் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

அசரியா பந்தத்தோடு நின்றான். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் வேறொருவன் கொளுத்துவான், வண்டி வேறு ஊருக்குப் போகும், அடுத்த பங்குனியில் அவர்கள் மறுபடியும் சாம்பலுக்குத் தண்ணீர் அடிப்பார்கள். கொளுத்தலாம். கொளுத்தினால் வண்டி வரும். வந்தால் எத்தனை குடிசை மிஞ்சும். இத்தனையும் சரி, சத்தியம் செய்தாயே என்று உள்ளே ஒன்று கேட்டது. எது சரி என்று யாராவது சொன்னால் அவர் காலில் விழுந்திருப்பான். சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. சேலைக்குள்ளிருந்து நசீருதீன் மட்டும், "அண்ணா, உள்ள அவுங்க சாமான்லாம் கீது" என்று முணுமுணுத்தான்.

"முடிஞ்சத எடுத்துக்கினு வா" என்றான் அசரியா. அப்படிச் சொன்ன பிறகுதான், கொளுத்துவதென்று தான் முடிவு செய்துவிட்டது அவனுக்கே தெரிந்தது.

கூரை மேலே ஈரம்தான், ஆனால் அடியில் காய்ந்த கீற்றும் கிருஷ்ணாயிலும் கடல் காற்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். நெருப்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். ஏணி வந்தது. தோளில் தொங்கியபடி நசீருதீன் வெளியே வந்தான். ஒரு கையில் தூளிச் சேலை, இன்னொரு கையில் பால் சட்டி. அதைப் பார்த்து மைதானமே சிரித்தது. முதலுதவிப் பெட்டி வந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. அவ்வளவு ஒழுங்காக அந்த நிலையம் அதற்கு முன் செய்ததில்லை. டிவிஷனல் தாசில்தாரிடம் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வண்டி அந்த ஆவணியிலேயே ஓடைப்பாக்கத்துக்கு வந்தது. அசரியாதான் அதற்குப் பொறுப்பு. அந்த வண்டியால் பிழைத்த குடிசைகள் நிறைய. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும்.

அசரியா குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு தன் இடத்தில் நின்றான். விசில் வந்தால்தான் தண்ணீர் திறப்பார்கள். குழாய் அவன் கையில் தளர்ந்து கிடந்தது. விசில் டிவிஷனலின் விரல்களுக்கு நடுவே இருந்தது, அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தெற்குப் பக்கக் கூரை சரிந்து உள்ளே விழுந்தது. பொறி பறந்து கூட்டத்தின் மேல் போனது. ஆ என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முனியம்மா கத்தவில்லை. அவள் நெருப்பைப் பார்க்கவே இல்லை என்பதை அசரியா அப்போதுதான் கவனித்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை நெருப்பு வைத்தபோதும் அப்படித்தான் பார்த்திருப்பாள். வைத்தான், உடனே அணைத்தான். இப்போதும் வைத்திருக்கிறான், இதோ அணைத்துவிடுவான். முகத்தில் கலக்கம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. குழந்தையை மகளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள்.

மிச்சக் கூரையும் உட்கார்ந்தது. மூங்கில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. மாவிலை கட்டிய வாசல் மூங்கில் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்று எரிந்தது.

அவள் குழந்தையோடு மெதுவாக நடந்து அவன் பக்கத்தில் வந்தாள். அவன் கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கூட்டத்தின் முன்னால் அவன் வெட்கப்படக் கூடாது என்பது போல, மெல்லக் கேட்டாள்.

"இன்னா சார், மறந்துட்டியா?"